துவைக்காமல் விட்ட ஒரு முழம்

திரைக்காரம்மா வீட்டு முன் ஜன்னலில் தொங்கிய வலைத்திரையில், தெருவில் போகிறவர்களின் பார்வைகள் சிக்கிக்கொண்டன. தூசி சேர்வதைப் போலத்தான் அவையும் சேர்ந்தன. சனிக்கிழமைதோறும் காலையில் அவள் திரையைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்து, அலசி, தண்ணீரை வாசல் சாக்கடையில் ஊற்றினாள். இது தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தத் தண்ணீர் ஓடிய இடத்தில் பூனைகள் உட்காராது என்பதும், வாளிக்குள் குனிந்து பார்த்தால் யாரோ திரும்பிப் பார்ப்பது போலப் பிடரி கூசும் என்பதும்கூடத் தெரியும். முதல் மாதம் வாசலில் கூட்டம் கூடியது. கூட்டம் பார்த்த பார்வையும் திரையில் போய் ஒட்டிக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை வேலை இரட்டிப்பானது. திரைக்காரம்மா வெளியே வந்து, "வேடிக்கை பாக்குறவங்க ஆளுக்கு ஒரு வாளி தண்ணி கொண்டாந்து வச்சிட்டுப் பாருங்க" என்றாள். அதோடு எல்லோருக்கும் வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது.

தப்பு அவளுடையதுதான், அதை அவளே ஒத்துக்கொண்டாள். பருத்தி வலைத்துணி முதல் தண்ணீரில் சுருங்கும். அதனால் வெட்டுவதற்கு முன்பே முழுத்துணியையும் ஒரு பகல் தொட்டியில் ஊறப்போட்டு, நிழலில் காயவிட்டு, பிறகுதான் அளவெடுக்க வேண்டும். ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி, மேலே கொக்கி மாட்டும் நாடா, கீழே நாலு விரல் மடிப்பு. முப்பது வருஷமாக ஊரில் பாதி ஜன்னல்களுக்கு அவள்தான் தைத்தாள், ஒன்றுகூடச் சுருங்கித் திரும்பி வந்ததில்லை. தன் வீட்டுக்குத் தைத்த இந்தத் திரையை மட்டும் ஊறப்போடாமல் வெட்டினாள். அப்போது அவள் கணவர் இறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தவரைப் புரட்டிப் புரட்டி அவளுடைய வலது தோள் இடதைவிட ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. நனைந்த துணியைத் தூக்கிப் பிழிகிற தெம்பு அந்தத் தோளில் இல்லை. நம் வீட்டு ஜன்னல்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று வெட்டித் தைத்து மாட்டினாள். முதல் துவையலிலேயே திரை ஒரு சாண் மேலேறியது, கண்ணிகள் நெருங்கிக்கொண்டன. வெளிச்சம் வந்தது, காற்றும் வந்தது, பார்வை மட்டும் நின்றுவிட்டது. வேறொன்று தைத்து மாட்டுவதுதானே என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். தைக்கலாம்தான். மறுபடி முழுத்துணியையும் ஊறப்போட்டுத் தூக்கிப் பிழிய வேண்டும் என்று நினைத்ததுமே திரைக்காரம்மாவுக்கு உட்கார வேண்டும் போல இருந்தது.

எது யாருடைய பார்வை என்று தொட்டுச் சொல்ல அவளுக்கு ஆறு மாதம் பிடித்தது. பார்வை அவரவர் கண் உயரத்தில் வந்து படும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுடையவை கீழ் மடிப்பில் கிடக்கும். லேசானவை, உதறினாலே போய்விடும். நடந்து போகிறவர்களுடையவை நடுவில். எதிர்வீட்டுக்காரியுடையவை நட்டநடுவில், பிசுபிசுவென்று, சோப்புப் போட்டுக் கசக்கினால்தான் விடும். "உன் வீட்டுப் பக்கம் நான் திரும்புறதே இல்லம்மா" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரைக்காரம்மா அவளுடையதை நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பாள். திரையின் மேல் ஒரு முழம் மட்டும் எப்போதும் சுத்தமாக இருந்தது, அத்தனை உயரத்தில் கண் வைத்த ஆள் அந்தத் தெருவில் கிடையாது. அவளுடைய சொந்தப் பார்வையும் உள்பக்கத்தில் சிக்கிக்கொண்டதால், வீட்டுக்குள்ளிருந்து அவளுக்குத் தெரு தெரியவில்லை. அதற்காக அவள் கவலைப்படவும் இல்லை. பார்க்க என்ன இருக்கிறது என்று மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரே மகள். ஊரின் மறுகோடியில் குடியிருந்தாள், அலுவலகம் ஒன்றில் வேலை. அப்பா படுக்கையில் கிடந்த மூன்று வருஷமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வந்தாள் என்றும் சொல்லலாம். எப்படிச் சொல்வது என்பது, சொல்கிறவர் அன்றைக்கு எத்தனை தடவை படுக்கைவிரிப்பை மாற்றினார் என்பதைப் பொறுத்தது. அவர் இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மூச்சு முட்டுகிறது, காற்று வேண்டும் என்று கேட்டார். அப்போது தொங்கிய பழைய திரையைத் திரைக்காரம்மா பிடுங்கித் தரையில் போட்டாள். துவைக்கிற நேரத்தில்கூட ஒரு போர்வையைக் கட்டி ஜன்னலை மறைத்துவைப்பவள் அவள். திரை தைக்கிறவள் வீட்டு ஜன்னல் வெறுமையாக நின்றால் நன்றாகவா இருக்கும். அதனால் முப்பது வருஷத்தில் அந்த ஜன்னல் வெறுமையாக இருந்தது அன்று ஒரு நாள்தான். வேலை விஷயமாக வெளியூர் போயிருந்த மகள் மத்தியானத்துக்கு மேல் ஓடிவந்தாள். தெருமுனையிலேயே வெறும் ஜன்னல் கண்ணில் பட்டது, யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் வாசலில் கால் வைத்தபோது, கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் திரைக்காரம்மா தலையைத் தூக்கி, "விருந்தாளி வந்தாச்சு. நாற்காலி எடுத்துப் போடுங்க" என்றாள். மகள் உட்காரவில்லை. எல்லாம் முடியும்வரை சுவரோரம் நின்றாள், முடிந்ததும் போனாள். பிறகு அவள் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மாதத்துக்கு ஒரு போன் வரும். மாத்திரை போட்டியா என்று கேட்பாள், போட்டேன் என்பாள் அம்மா, சரி வைக்கிறேன் என்று வைத்துவிடுவாள்.

அடுத்த வருஷம் பெரிய சாலையில் பாலத்தை இடித்துக் கட்ட ஆரம்பித்து, பேருந்துகளைத் திரைக்காரம்மாவின் தெரு வழியாகத் திருப்பிவிட்டார்கள். பாலம் முடிந்த செய்தியை ஓட்டுநர்களுக்கு யாரும் சொல்லாததால் அவை இன்றுவரை அப்படித்தான் போகின்றன. பேருந்து வந்த முதல் வாரமே மேல் ஒரு முழத்திலும் பார்வைகள் விழத் தொடங்கின. பெரும்பாலும் தூக்கக் கலக்கத்தில் இருந்தவர்களுடையவை, சாம்பல் மாதிரி, ஊதினால் பறந்தன. ஒன்று மட்டும் ஊதியும் போகவில்லை. திரைக்காரம்மா ஈரக்கையால் தடவிப் பார்த்தாள். இரண்டு இழை, ஒன்று கெட்டியாக, மற்றது நூலாக மெலிந்து. மகளுக்குச் சின்ன வயதில் இடது கண் மந்தம். நல்ல கண்ணைப் பஞ்சு வைத்து ஒட்டி, ஒரு வருஷம் முழுக்க ஊசியில் நூல் கோக்கச் சொல்லி அந்தக் கண்ணைப் பழக்கியவள் இவள். யாருடைய பார்வை என்று ஊசி பிடித்த கைக்குத் தெரியாதா. நுரையோடு திரையை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மனசு நிறைந்துபோனது.

அன்றிலிருந்து அவள் மேல் ஒரு முழத்தைத் துவைக்கவில்லை. அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மிச்சத்தை மட்டும் வாளிக்குள் முக்குவாள். வாரத்துக்கு ஐந்து பார்வை, திங்கள் முதல் வெள்ளி வரை, காலை எட்டு நாற்பதுக்கு. லீவு நாளென்றால் ஒன்று குறையும். ஒரு மழைக்காலத்தில் ஒன்பது நாள் எதுவும் விழவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவள் ஒரு குடித்தனத்தின் ஆறு ஜன்னல்களுக்கும் கீழ் மடிப்பைக் கோணலாகத் தைத்து, எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பத் தைத்தாள். எட்டு நாற்பதுக்குப் பேருந்துச் சத்தம் கேட்கும்போது மிஷினை நிறுத்திவிட்டுத் தலையை அண்ணாந்து அந்த ஒரு முழத்தையே பார்ப்பாள். வெள்ளைத் துணி தெரியும், அவ்வளவுதான். திரையை ஒதுக்கியிருக்கலாம், வாசலில் போய் நின்றிருக்கலாம். தான் பார்ப்பது தெரிந்துவிட்டால் மகள் பேருந்தில் அந்தப் பக்க இருக்கையை மாற்றிக்கொள்வாளோ என்று பயந்தாள். சொன்ன வார்த்தையை எடுத்துக்கொள்ளவும் தெரியாமல், சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று நினைப்பதை நிறுத்தவும் தெரியாமல், மூன்று வருஷம் மிஷினை மிதித்தாள்.

மூன்று வருஷத்தில் அந்த ஒரு முழம் பழுப்பேறிக் கனத்தது; கழற்ற முடியாமல், தொங்கியபடியே மிச்சத்தை வாளியில் முக்கி அலசினாள். திரைக்காரம்மா வீட்டுத் திரையே அழுக்கு என்று ஊரில் பேச்சானது. புதுக்குடித்தனக்காரர்கள் சிலர் ஜன்னலைப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டாமலே திரும்பினார்கள். மாட்டும் வேலைக்கு அவளோடு இருபது வருஷமாகச் சுற்றுகிற கம்பிக்காரர் ஒருநாள் வந்து, நடுவில் வளைந்து நின்ற கம்பியைத் தட்டிப் பார்த்தார்.

"அக்கா, இது இரும்புக் கம்பி. இதுவே குனிஞ்சு கும்பிடு போடுது. கழட்டித் துவைங்க."

"மேல மட்டும் வேண்டாம்பா."

"அப்ப நான் சுவத்துல ரெண்டு ஆணி கூட அடிச்சிட்டுப் போறேன். பாரம் தாங்கலேன்னா சுவரோட வரும், அப்ப என்னைத் திட்டக் கூடாது."

அடித்தார். எட்டு மாதம் தாங்கியது. ஒரு வியாழக்கிழமை காலை எட்டரை மணி சுமாருக்கு, கம்பி, கொக்கி, இரண்டு கைப்பிடி சுண்ணாம்பு எல்லாமாக மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் மேல் வந்து விழுந்தது. அடி ஒன்றும் படவில்லை. நாற்காலியிலிருந்து சரிந்து தரைக்கு வந்தாள், மேல் ஒரு முழம் சரியாக அவள் மடியில் கிடந்தது. தூக்கப் பார்த்தாள், தூக்க முடியவில்லை. நெல் மூட்டையை மடியில் வைத்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு, சரி, இப்படியே உட்கார்ந்திருப்போம் என்று விட்டுவிட்டாள். நிஜத்தைச் சொன்னால் அந்தக் கனம் அவளுக்குப் பிடித்திருந்தது. எட்டு நாற்பதுக்குப் பேருந்து வந்தது. முதல்முறையாக அவள் அதைக் கண்ணால் பார்த்தாள். பச்சை நிறம் என்பதே அப்போதுதான் தெரிந்தது. மூன்றாவது ஜன்னலில் மகள் முகம், கொஞ்சம் மெலிந்திருந்தது. வெறும் ஜன்னலைப் பார்த்து அந்த முகம் வெளுத்ததையும், மகள் இருக்கையைவிட்டு எழுந்ததையும் பார்த்தாள். உள்ளே இருட்டில் தரையில் உட்கார்ந்திருந்தவள் மகள் கண்ணில் படவில்லை. பேருந்து போய்விட்டது. அடுப்படியில் போன் அடித்தது. நின்றது, திரும்ப அடித்தது. எழுந்து போக முடியாமல் அவள், "இங்கதான்டி இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்று போன் இருந்த திசையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு தெருவில் யாரோ செருப்புத் தேய ஓடிவருகிற சத்தம் கேட்டது.

மகள் வாசற்படியில் நின்றாள். மூச்சு வாங்கியது. அம்மா உயிரோடு தரையில், தலையெல்லாம் சுண்ணாம்போடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, "போனை எடுக்கக் கூடாதா?" என்று கத்தினாள்.

"எந்திரிக்க முடியல. கனமா இருக்கு."

மகள் உள்ளே வந்து ஒரு முனையைப் பிடித்தாள், திரைக்காரம்மா மறுமுனையை. இரண்டு பேருமாகத் தூக்கியபோது தூக்க முடிந்தது. பின்கட்டுக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டார்கள். வழியெல்லாம் மகள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள், இதை எத்தனை நாளாகத் துவைக்கவில்லை, தொழில் செய்கிற வீடா இது என்று. குழாயைத் திறந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மேல் ஒரு முழத்தில் கை வைத்தவள் அப்படியே நின்றாள். தடவிப் பார்த்தாள். இந்தத் திரையில் பார்வை சிக்குவதை ஊர்ப்பேச்சில் அவளும் கேட்டிருந்தாள்; இடது கண்ணைச் சுருக்கிக் கிட்டத்தில் பார்த்தாள்.

"இது எல்லாம் என்னுதாம்மா?"

"ம்."

மகள் துணியைத் திருப்பினாள். உள்பக்கத்திலும் அதே உயரத்தில், அதே கண்ணிகளில், அதே அளவுக்குச் சேர்ந்திருந்தது. வெளியிலிருந்து வந்த இழைகளும் உள்ளிருந்து போன இழைகளும் ஒன்றுக்குள் ஒன்று முறுக்கிக்கொண்டு, எது எது என்று பிரிக்க முடியாமல் கிடந்தன.

"உள்பக்கம் இருக்கறது யாருது?"

"இந்த வீட்ல வேற யாரு இருக்கா" என்றாள் திரைக்காரம்மா.

தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. யாரும் குழாயை மூடவில்லை. திரைக்காரம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, இறங்கிய தோளைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அசதில சொல்லிட்டேன்" என்றாள்.

"அசதில வர்றதுதாம்மா நெஜமான பேச்சு."

"இல்லடி. அசதில வர்றது அசதி. அவ்வளவுதான்."

 மகள் சோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அது எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரியும், அவள் பிறந்ததிலிருந்து அது ஒரே மாடத்தில்தான் இருக்கிறது. எடுத்துக்கொண்டு வந்து, "போட்டுடவா?" என்றாள். திரைக்காரம்மா அந்தப் பழுப்பு முழத்தைக் கடைசியாக ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். "போடு. நீதான் வந்துட்டியே" என்றாள். மூன்று தண்ணீர் பிடித்தது. ஊற்றியபோது சாக்கடை ஓரம் படுத்திருந்த பூனை எழுந்து, நின்று, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தள்ளிப்போய்ப் படுத்தது. அலுவலகத்துக்கு அன்று லீவு சொல்லியாயிற்று. சாயங்காலம் கம்பிக்காரர் வந்து புதுக் கம்பி அடித்துவிட்டு, ஸ்டூலில் நின்றபடி, "இப்பப் பாருங்க, காத்து மாதிரி இருக்கு" என்றார்.

திரை சுருங்கியது சுருங்கியதுதான், கண்ணிகள் திறக்கவில்லை. தெரு இன்னும் அதில் வந்து சிக்குகிறது, எதிர்வீட்டுக்காரி இன்னும் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. மகள் எட்டு நாற்பது பேருந்தில்தான் வேலைக்குப் போகிறாள், மூன்றாவது ஜன்னலிலிருந்து பார்க்காமல் அவளால் இருக்க முடிவதில்லை. சனிக்கிழமை காலையில் வந்து புடவையைச் செருகிக்கொண்டு, அந்த வாரத்து ஐந்தையும் மற்றவர்களுடையதோடு சேர்த்து அவளே அலசிச் சாக்கடையில் ஊற்றுகிறாள். அவள் பிழிகிற நேரத்தில் திரைக்காரம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்தபடி கொஞ்சம் தூங்கிவிடுகிறாள்.