பையர் கேட்ட ஃபார்மேட்

அன்று அலுவலகத்தில் இருந்தவர்கள் நால்வர்: பனியன் கம்பெனி முதலாளி சாமியப்பன், மகன் அருள்செல்வன், மருமகள் சத்யப்பிரியா, கம்ப்யூட்டர் பார்க்கும் தூத்துக்குடிக்காரன் முனீஸ்.

சத்யப்பிரியா பத்து வருடத்துக்கு முன் வரைந்த ஆவாரம்பூ பிரிண்ட்டைத் தன்னுடையது என்று வேறொரு கம்பெனி, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரிடம் சொல்லிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் அசல் ஃபைலைக் காட்டாவிட்டால் திருட்டுப் பட்டம். அது இருந்த பழைய டிஸ்க்கோ இழுத்துக்கொண்டு கிடந்தது. எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கிவைக்கும் முறையான ஃபைல் சிஸ்டம் எது என்பதில்தான் பேச்சு.

“பட்டர்எஃப்எஸ் போடுவோம் முதலாளி. இருவது வருசம் கழிச்சு ஒரு எழுத்து கெட்டிருந்தாலும் காட்டிக் குடுத்துரும்,” என்றான் முனீஸ்.

“பன்னு தனியா வாங்கோணுமா முனீஸ்?” என்றாள் சத்யப்பிரியா.

“நம்ம விண்டோஸ்ல அது தொறக்காதுங்கப்பா. என்டிஎஃப்எஸ் போதுமுங்க,” என்றான் அருள்செல்வன்.

“கெட்டதை மறைக்காதது எதுவோ அதையப் போடு. நம்ம ஊட்டுப் பேரு அதுக்குள்ள இருக்குது.”

சாமியப்பன் சொன்னபின் மறுபேச்சில்லை.

எல்லாம் புது டிஸ்க்குக்கு மாறி முடிந்ததும் பழைய டிஸ்க் நின்றேபோனது. இன்னொரு பிரதிக்கு டிஸ்க் வாங்க முனீஸ் கிளம்பினான். மனைவியுடன் தையல் யூனிட்டுக்குப் புறப்பட்ட அருள்செல்வன், “பையர் அவங்க ஃபார்மேட்ல கேக்கறாங்கப்பா, வந்து பண்றனுங்க” என்றான்.

இந்தத் தொழிலில் ஃபார்மேட் என்றால் பையர் அனுப்பும் படிவம். பேக்கிங் லிஸ்ட்டுக்கு ஒன்று, இன்வாய்ஸுக்கு ஒன்று. முப்பது வருடமாகச் சாமியப்பனுக்குப் பழகிய சொல். புது டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் செருகினார். விண்டோஸுக்கு அதைத் திறக்கத் தெரியாததால், ஃபார்மேட் செய்யவா என்று திரையே கேட்டது. ‘குவிக்’ என்ற இடத்தில் டிக் இருந்தது. அவசர வேலை அவருக்கு ஆகாது, டிக்கை எடுத்தார். உள்ளதெல்லாம் அழியும் என்று அடுத்து வந்த பொடி எழுத்தைப் படிக்காமலே ஓகே கொடுத்தார். யாரையும் கேட்கும் வழக்கம் அவருக்கில்லை. பச்சைக் கோடு நகர்ந்து முடியும்வரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“குவிக்னா ஏதாவது மீட்டிருக்கலாம் முதலாளி,” என்றான் திரும்பி வந்த முனீஸ். “இது முழுசும் தொடச்சிருக்கு.”

யூனிட்டிலிருந்து வந்த சத்யப்பிரியா ஒரு தாளை இழுத்து அந்தப் பூவை மறுபடி வரைய ஆரம்பித்தாள்.

“அது இன்னைக்கு வரைஞ்சதாத்தான் ஆகும் கண்ணு,” என்றார் சாமியப்பன்.

வெள்ளிக்கிழமை அனுப்ப ஒன்றுமில்லை.

திருட்டு டிசைன் என்பதால் அருள்செல்வனே எல்லாவற்றையும் அழித்துவிட்டான் என்று பனியன் கடைகள் நிறைந்த காதர்பேட்டையில் பேசிக்கொள்கிறார்கள். தப்பு. அழித்தவர் சாமியப்பன். டிசைன் சத்யப்பிரியா வரைந்தது.