மைனஸ் இருபது என்று காட்டிய திரை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என்னிடம் கேட்டு வாங்கப்பட்டது. மாடி வீட்டுப் பெண் ஒருநாள் காலையில் இறங்கி வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டாள்.

"நீங்க கதை எழுதுறவங்கதானே? என் தங்கச்சிக்குப் புரியிற மாதிரி ஒண்ணு எழுதித் தரணும். நானும் சொல்லிப் பாத்துட்டேன். வாயைத் திறந்தா ஆபீஸ் பாஷைதான் வருது."

"எதைப் பத்தி?"

"நான் பண்ண ஒரு காரியத்தைப் பத்தி. அவ என்னைத் திட்டவே மாட்டேங்குறா. புரிஞ்சாத்தானே திட்டுவா."

இனி இவளை அக்கா என்றே சொல்லப்போகிறேன். அவளுக்குப் படிப்பு, பதவி எல்லாம் உண்டு. கதைக்கு வேண்டியது இந்த உறவு மட்டும்தான்.

2

முதல் தொடக்கம்: 'ஆன்டாலஜி என்பது கணினித் துறையில்…' (அடித்துவிட்டேன். தங்கை இரண்டாவது வரிக்கு வரமாட்டாள்.)

இரண்டாவது: 'திங்கட்கிழமை காலையில் அந்த உறைபெட்டி வியர்த்திருந்தது…' (நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வியர்த்ததைப் பார்த்தவள் ஒரு நர்ஸ். அக்கா அப்போது பேருந்தில் இருந்தாள். அவள் காணாததைக் கொண்டு அவள் கதையைத் தொடங்குவது சரியில்லை.)

ஆகவே, நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அக்கா ஒரு பெரிய மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை பார்த்தாள். அங்கே என்னென்ன இருக்கின்றன, எது எதைச் சேர்ந்தது என்று கணினிக்கு வகுத்துக் கொடுப்பது அவள் வேலை. கட்டில் என்றால் என்ன, நோயாளி என்றால் என்ன, எடை என்பது யாருடையது, காய்ச்சல் என்பது எதைப் பற்றியது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குத்தான் ஆன்டாலஜி என்று பெயர். குடித்தனம் வைப்பது போலத்தான். எந்தச் சாமானுக்கு இடம் ஒதுக்கவில்லையோ, அது அந்த வீட்டிலேயே இல்லை என்றாகிவிடும்.

அந்த ஆண்டு அவள் கைக்கு வந்தது அளவுகள். உயரம், எடை, அழுத்தம், வெப்பநிலை.

3

கூட வேலை பார்த்தவருக்கு அலுவலகத்தில் 'கமா' என்று பெயர். யார் எதை எழுதினாலும் அதில் ஒரு கமா குறைகிறது என்பார். தாய்ப்பால் வைக்கும் உறைபெட்டிகளின் முறை வந்தபோது அவருக்கும் அக்காவுக்கும் முட்டிக்கொண்டது.

"பெட்டியோட வெப்பநிலை மைனஸ் இருபதுன்னு ஒரே வரியில முடிச்சுட்டீங்க. அது தப்பு," என்றார் கமா.

"பெட்டிக்கு வெப்பநிலை இல்லையா?"

"இருக்கு. நாம பாத்தாலும் இருக்கு, பாக்காட்டியும் இருக்கு. ஆனா அது நமக்குத் தெரியாது. நமக்குத் தெரிஞ்சது இந்தக் கருவி, இந்த நேரத்துல, இந்த எண்ணைச் சொல்லுச்சுங்கிறது மட்டும்தான். பெட்டி வேற, அதோட குளிர் வேற, அளந்தது வேற, வந்த எண் வேற. நாலுக்கும் தனித்தனியா இடம் வேணும்."

"ஒரு பெட்டி சில்லுனு இருக்குன்னு சொல்றதுக்கு நாலு இடமா? நர்ஸுங்க திரையில ஒரு எண்ணைத்தான் பாப்பாங்க. வெள்ளிக்கிழமை கொடுத்தாகணும். எண்ணும் அலகும் போதும்."

"எப்ப அளந்ததுன்னாவது…"

"அடுத்த முறை பாத்துக்கலாம்."

(கமாவை முதலில் நான் மகா விவேகியாக எழுதியிருந்தேன். அக்கா படித்துவிட்டுச் சிரித்தாள். "அந்த மனுஷன் அந்த வாரம் எல்லாத்துக்கும்தான் ஆட்சேபம் சொன்னாரு. கட்டிலுக்குக் கால் ஒரு உறுப்பா, பாகமான்னு அரைநாள் சண்டை. பத்துல ஒன்பது வெட்டிப் பேச்சு. இது பத்தாவதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதற்காக வருத்தப்பட்டாள். ஆகவே விவேகியை எடுத்துவிட்டேன். தொணதொணப்பவராகவே இருக்கட்டும்.)

4

சில மாதம் கழித்துத் தங்கைக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது, அதே மருத்துவமனையில். குழந்தை உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் பால் கொடுத்தார்கள். தங்கை இரவும் பகலும் கருவியை வைத்துப் பாலை எடுத்தாள். குழந்தை குடித்தது போக மீந்ததைச் சிறு பைகளில் ஊற்றிப் பெயர் எழுதிக் கொடுத்தாள். அவை கீழ்த்தளத்து உறைபெட்டிக்குப் போயின. வார ஆரம்பத்தில் மட்டும் அதைத் திறந்து, சேர்ந்த பைகளை உள்ளே வைத்து, அந்த வாரத்துக்கு வேண்டியதை மேலே எடுத்துவருவார்கள்.

ஒரு வார இறுதியில் தங்கைக்குக் கடும் காய்ச்சல். உட்காரவே முடியவில்லை. அக்கா பக்கத்தில் இருந்தாள்.

"எடுக்கலைன்னா சுரக்கிறது நின்னுடும்னு சொல்றாங்கக்கா. எந்திரிக்கட்டுமா?"

அக்கா தன் கைபேசியில் மருத்துவமனைத் திரையைத் திறந்து பார்த்தாள். உறைபெட்டி: மைனஸ் இருபது.

"கீழே நிறைய இருக்கு. பெட்டியும் நல்லா இருக்கு, இப்பத்தான் பாத்தேன். நீ தூங்கு."

தங்கை தூங்கினாள். அடுத்த வேளையும் தூங்கினாள். அதற்கடுத்த வேளையும் அக்கா எழுப்பவில்லை.

அந்த நேரத்தில் கீழ்த்தளத்தில் மின்சாரம் இல்லை. அந்த மூலைக்குப் போகும் இணைப்பு துண்டாகியிருந்தது. உறைபெட்டியும் நின்றிருந்தது, அதன் குளிரை அளக்கும் கருவியும் நின்றிருந்தது. கருவி பேசாததால் புதிய எண் வரவில்லை. புதிய எண் வராததால் திரை பழையதையே காட்டியது. இது எப்போது அளந்தது என்று சொல்ல அதற்கு வழியில்லை. நேரத்துக்கு யாரும் இடம் ஒதுக்கவில்லை.

திங்கட்கிழமை நர்ஸ் கதவைத் திறந்தபோது பைகள் எல்லாம் குழைந்து கிடந்தன. மொத்தத்தையும் கொட்டினார்கள்.

5

(இந்த இடத்தில் குழந்தை இறந்துபோவதாக ஒருமுறை எழுதிப் பார்த்தேன். கதை உடனே கனத்தது, எனக்கும் எழுதத் தெரிகிறது என்று தோன்றியது. அன்று மாலை மாடிப்படியில் அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கிழித்துவிட்டேன். குழந்தை பிழைத்தது. வேறு தாய்மாரின் பாலும் மாவுப்பாலும் கொடுத்தார்கள். தங்கைக்குத்தான் பிறகு சுரக்கவே இல்லை.

வருத்தத்துக்கு அலகு என்ன என்று ஒரு பத்தியும் எழுதியிருந்தேன். அக்கா அதை மட்டும் பேனாவால் குறுக்கே கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.)

6

கமா அவள் மேசைக்கு வந்து நின்றார். ஆறுதலும் சொல்லவில்லை, குத்தியும் காட்டவில்லை. "கட்டில் கால் சண்டையை நான் விட்டிருக்கணும். அன்னிக்கு இதுக்கு மட்டும் கத்தியிருக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு அக்கா தங்கையிடம் சொன்னாள். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பால் கெட்டதுக்கு நான்தான் காரணம்."

"நீ எப்படிக்கா? நீ அந்தப் பக்கமே போகலையே."

"வெப்பநிலையைப் பெட்டியோட பண்பா வச்சுட்டேன். அளவீடா வச்சிருக்கணும்."

"தமிழ்ல சொல்லேன்."

அக்கா தமிழில்தான் சொல்லியிருந்தாள். மறுபடி முயன்றாள். பண்பு, மதிப்பு, அலகு என்று எங்கெங்கோ போய்ச் சிக்கிக்கொண்டாள். தங்கை ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"சரி விடுக்கா. மெஷின் நின்னுபோனதுக்கு நீ என்ன பண்ணுவே."

அதன் பிறகு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் என் வாசலுக்கு வந்தாள். இதுவரை எழுதியதை வாங்கிக்கொண்டு போய்த் தங்கையிடம் கொடுத்தாள்.

7

தங்கை படித்தாள். இப்போது புரிந்தது. முடிவுகள் என்னிடம் இரண்டு இருந்தன.

ஒன்றில் அவள் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். (இப்படி அழுகிற தங்கைகளைக் கதைகளில்தான் பார்த்திருக்கிறேன்.)

இன்னொன்றில், 'இனி என் வீட்டுப் படி ஏறாதே' என்று… (வேண்டாம். இதுவும் சௌகரியமான முடிவுதான். அக்காவுக்கு வேண்டிய திட்டு கிடைத்துவிடும்.)

நடந்தது வேறு. தங்கை தாள்களை மடித்து வைத்துவிட்டு, "நீ தூங்குன்னு சொன்னே," என்றாள். அவ்வளவுதான். நாலு இடம், ஒரே வரி எதுவும் அவளுக்குப் பொருட்டில்லை. "நான் எந்திரிக்கட்டுமான்னு கேட்டேன். நீ தூங்குன்னு சொன்னே."

அக்கா தலையாட்டினாள்.

உள்ளே குழந்தை அழுதது. தங்கை போய்த் தூக்கி வந்தாள். அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம் கேட்டது. முகத்தைப் பார்க்காமலே குழந்தையை அக்காவின் மடியில் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

கை ஒழியாததால் கொடுத்தாளா, மனது வந்து கொடுத்தாளா? அக்கா என்னைக் கேட்டாள். எழுதுகிறவர்களுக்குத் தெரியும் என்று நம்பிக் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். உங்களுக்கு ஏதாவது தெரிந்தால், அவள் மாடியில்தான் இருக்கிறாள். போய்ச் சொல்லுங்கள்.