முன்ஸிப் பக்கம் மட்டும் நொண்டிய வைஃபை

றுஸைனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னே? இத்தனை வருடம் வளைகுடாவில் கிடந்துவிட்டுப் பதுளைக்கு வந்து முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் புருசன் முன்ஸிப் திரும்பிப் போகிற பேச்சை எடுத்துவிட்டான்.

"நெட் ஓடுதில்லயே றுஸைனா, நான் என்ன செய்ய? இன்டைக்கும் படம் போய்ச் சேரல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள சரிவராட்டி அங்கயே வரட்டாம் முதலாளி."

சமையலறை அலுமாரிகளுக்குக் கணினியில் படம் வரைவது முன்ஸிப்பின் வேலை. ஊரிலிருந்தே வரைந்து அனுப்பு, பார்ப்போம் என்று முதலாளி மனமிரங்கியிருந்தார். அதுவும் இப்போது வைஃபையால் கைநழுவப் பார்த்தது. பஸாரிலிருந்து வந்த ஆள் ரவுட்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கோளாறும் இல்லை என்று போய்விட்டார்.

றுஸைனாவைச் சந்தேகப்பட வைத்ததும் அதுதான். அதே லெப்டொப்பில்தான் காலையில் அவள் லுணுகலை, பசறைப் பிள்ளைகளுக்கு ஒன்லைனில் கணிதம் படிப்பிக்கிறாள். ஒருநாளாவது இழுத்திருக்க வேண்டுமே! லெப்டொப்பைத் திறக்க அவளுக்கொரு பயனர் கணக்கு, அவனுக்கொரு கணக்கு. அவனுடைய வேலைச் சாமான் எல்லாம் அவன் கணக்கில். அவள் பக்கம் பறக்கிறது, அவன் பக்கம் மட்டும் நொண்டுகிறதாம். யாருக்குக் காது குத்துகிறான்? இங்கே இருக்கப் பிடிக்கவில்லை, சாட்டுத் தேடுகிறான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது.

"காலையில எனக்கு நல்லா ஓடுதே?" என்றாள்.

"பின்னேரத்துல எல்லாரும் பாவிக்கிறதால ஸ்லோவா இருக்கும்" என்றான் அவன்.

"இப்பவும் பின்னேரம்தானே, இப்பவே பாப்பம். எழும்புங்க."

அவனை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். தன் கணக்கில் வேகத்தைச் சோதித்தாள், பறந்தது. வெளியேறி அவன் கணக்கில் நுழைந்தாள். சோதிக்கிற பக்கமே திறக்கமாட்டேன் என்று நின்றது. பாவம், பொய் சொல்லவில்லை. அவள் கோபம் கொஞ்சம் இறங்கியது.

ஒரே லெப்டொப், ஒரே வைஃபை. அப்படியென்றால் வித்தியாசம் அவன் கணக்குக்குள்தானே இருக்க வேண்டும்? கணித டீச்சர் விடுவாளா! மேலும் கீழுமாகத் தேடினாள். திரையின் மூலையில், நேரம் காட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பூட்டுப் படம். அவள் கணக்கில் அது இல்லை.

"இது என்னங்க?"

முன்ஸிப் குனிந்து பார்த்தான். தலையில் கை வைத்தான். "அல்லாஹ்வே! வி.பி.என்."

அவன் இருந்த நாட்டில் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேச முடியாது, தடை. அதற்காக, இணையத்தை வேறொரு நாட்டு வழியாகத் திருப்பிவிடும் அந்தச் செயலியை, தன் கணக்கைத் திறந்ததுமே தானாக ஓடும்படி வைத்திருந்தான். ஊர் வந்த பிறகும் அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பதுளையில் வரைந்த படம் எங்கெங்கோ சுற்றிக்கொண்டு போனால் எப்படிப் போய்ச் சேரும்?

"வேல முடிஞ்சு வந்து திறந்த ஒடன உன்ட மொகம் தெரியணும்ண்டு போட்டது. மறந்தே போயிட்டன்."

றுஸைனா அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க போறதுக்குச் சாட்டுத் தேடுறீங்கண்டு நெனச்சிட்டன்."

"உனக்கென்ன பைத்தியமா? அங்க நான் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும்."

செயலியை நிறுத்தினான். படம் விறுவிறுவென்று போனது. கொஞ்ச நேரத்தில் முதலாளியிடமிருந்து பதில்: கிடைத்தது, அடுத்ததை வரை.

"இத வெச்சிக்கொள்ளவா? எப்பவாச்சும் திரும்பப் போனா தேவப்படும்" என்று சீண்டினான் முன்ஸிப்.

"அழிங்க."

சிரித்துக்கொண்டே அழிக்கப் போனான். நிச்சயமாக நீக்கவா என்று லெப்டொப் கேட்டது. அவன் விரல் அசையுமுன் றுஸைனா எட்டி 'ஆம்' என்பதை அழுத்தினாள்.