மூன்றடுக்குக் கேக்கும் இருபது அங்குலச் சக்கரமும்

1

இந்தக் கதை ஒரு டயர் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் கிடைத்தது. என் வண்டிக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெண் கடைக்காரரிடம் கேட்டாள்: "சக்கரம் பெருசானா கேக்கு எப்படிங்க சின்னதாகும்?"

பதிலைக் கேட்பதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். மிச்சத்தை நானே இட்டுக்கட்டுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'மாலை வெயில் அந்த எஸ்யூவியின் பளபளக்கும் சக்கரங்களில்...' வேண்டாம், கார் விளம்பரம்.

இரண்டாவது: 'நவீன மனிதனின் அகங்காரம் உருளத் தொடங்கியபோது...' சகிக்கவில்லை.

மூன்றாவது: கேக் செய்கிறவள் கோபமாக இருந்தாள். இது போதும்.

3

அவளுடைய கணவர் கணக்குத் தணிக்கையாளர். புதிதாக வாங்கிய எஸ்யூவியோடு வந்த சக்கரங்கள் அவர் கண்ணுக்குச் சூம்பிப்போய்த் தெரிந்தன. கழற்றிவிட்டு இருபது அங்குலத்தில் மாட்டினார். பழையவை பால்கனிக்குப் போய் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தன. அவள் அவற்றின் மேல் துணிக்கூடையை வைத்தாள்.

[கொஞ்சம் பாடம். பிடிக்காதவர்கள் அடைப்புக்குறியைத் தாண்டிக் குதிக்கலாம். சக்கரம் பெரிதானால் உலோகம் கூடும், டயரின் ரப்பர்ச் சுவர் ஒல்லியாகும். கனத்தை உருட்ட எஞ்சின் அதிகம் குடிக்கும். பள்ளத்தின் குத்தை வாங்க ரப்பர் போதாததால், அதை உங்கள் இடுப்பு வாங்கிக்கொள்ளும்.]

இடுப்பைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் போன வாரம் கல்யாண மண்டபத்தில் டிக்கியைத் திறந்தால், மூன்றடுக்குக் கேக் ஒன்றரை அடுக்காகியிருந்தது. சர்க்கரை மாப்பிள்ளை கிரீமுக்குள் தலைகுப்புறக் கிடந்தார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இந்தப் பக்கமே வராதீங்கம்மா," என்றார் மண்டப மேலாளர்.

அவளுக்கு வரும் ஆர்டரில் பாதி அந்த மண்டபத்துடையது. வண்டிக்குள் உட்கார்ந்து அழுதாள். இந்த இடத்தில் மட்டும் நான் வேடிக்கை செய்யவில்லை.

4

கணவர் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். இவ்வளவு மண்டுவாக ஒரு தணிக்கையாளர் இருப்பாரா?

"மைலேஜ் படுத்தே போச்சு," என்றார். "நீ கேக்கு ஏத்துற அன்னிக்குத்தான் ரொம்ப மோசம். பேசாம ஒரு அடுக்கக் குறைச்சிடு."

"நீங்க சக்கரத்தக் குறைங்களேன்."

"ஆபீஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க. இப்பப் போய் எப்படிக் கழட்டுறது?"

குலுக்கலுக்கு அவரே வைத்தியம் பார்த்தார்: டயரில் காற்றைக் குறைத்தார். குலுக்கல் இம்மியளவு அடங்கியது, மைலேஜ் இன்னும் விழுந்தது.

"பாத்தியா? வெண்ணெய அள்ளிக் கொட்டுற. கேக்கு கனக்குது."

(இந்த வசனத்தை அடித்தேன். சிரிப்பு அடங்காததால் திரும்ப எழுதினேன்.)

5

முடிவு அ: கணவர் மனம் திருந்துகிறார். (நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் தெரிவிக்கவும்.)

முடிவு ஆ: அவள் கத்தியை எடுத்து டயரை... கேக் வெட்டும் கத்தி அதற்கெல்லாம் உதவாது.

முடிவு இ: இன்று அதே மண்டபத்துக்கு இன்னொரு கேக். வாடகை வண்டி பிடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பிடித்திருந்தால் நான் எழுத ஒன்றுமில்லை. அவள் பின்சீட்டை மடக்கிப்போட்டாள். கணவரைச் சம்மணமிட்டு உட்காரவைத்து, கேக்கை அவர் முன்னால் வைத்தாள்.

"ரெண்டு கையாலயும் புடிச்சிக்கோங்க. மேல் அடுக்கு சாயக் கூடாது."

சாவி அவளிடம். முதல் பள்ளத்திலேயே அவர் தலை கூரையில் இடித்தது.

"மெதுவாம்மா!"

"மெதுவாத்தாங்க போறேன்."

இரண்டாவது பள்ளத்தில் அவர் மூக்கில் கிரீம். மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டார், கையை எடுக்கவில்லை. மண்டபத்தின் வாசல் தெரிந்தது. அதற்கு முன்னால் வெள்ளைக்கோடு அழிந்துபோன ஒரு வேகத்தடை, ஒரு குட்டிச்சுவர் உயரத்துக்கு.

"ஏம்மா... பழைய சக்கரம் பால்கனியிலதான இருக்கு?"

"இருக்கு."

"நாளைக்கே மாட்டிடலாம்."

"கேக்கு இன்னிக்குங்க."

(முடிவு அ-வை நக்கலடித்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. கண்டுகொள்ளாதீர்கள்.)

6

வேகத்தடை வந்துவிட்டது. நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன், நீங்கள் ஓட்டுங்கள். கணவரை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவளுக்கு அந்த மண்டபம் வேண்டும். பிரேக்கில் காலை வைத்துக்கொள்ளுங்கள்.