பச்சைக் கயிற்றில் ஐந்தாவது க்ளிப்

பள்ளிக்கூடம் விட்டபின், பெற்றோர் வேலை முடிந்து வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த மையத்தில், கத்தரி டீச்சருக்குப் பிடிக்காத ஆள் ஒருத்திதான். அந்த ஒருத்தி அவளுடைய சொந்த நாத்தனார். அது போதாதென்று, ஏழு வாரமாக மையத்தின் பொறுப்பாளரும் அவளேதான்.

கத்தரி டீச்சர் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். கழுத்தில் நாடா கட்டி மழுங்கல் கத்தரி ஒன்றை எந்நேரமும் தொங்கவிட்டிருப்பாள். பதினோரு குளிர்காலமாக அவள் நடத்தி வந்தது ஒரே வேலை. காலி பால் டப்பாவில் ஜன்னல் வெட்ட வேண்டும், உள்ளே தானியம் நிரப்ப வேண்டும், பின்முற்றத்தில் சாமான் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் மரத்தில் கட்ட வேண்டும். அப்புறம் எந்தப் பறவை எத்தனை தடவை வந்தது என்று நோட்டில் கோடு போட வேண்டும். தரையெல்லாம் உறைந்து கிடக்கும்போது குருவிக்கு நம்மை விட்டால் நாதி கிடையாது என்று அவள் ஆரம்பித்தால், முன்பெல்லாம் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். இப்போது கொட்டாவி விடுகின்றன.

கொட்டாவி விட வைத்தது நாத்தனார்தான் என்பது டீச்சரின் கட்சி. நாத்தனார் வந்த மாதமே பனிவிளக்கு என்று ஒன்றைக் கொண்டுவந்துவிட்டாள். பெரிய கிண்ணத்துக்குள் சின்னக் கிண்ணத்தை வைத்து, நடுவில் கலர் தண்ணீர் ஊற்றி, ராத்திரி முழுக்க வெளியே போட்டுவிடுவது. மறுநாள் பனிக்கட்டிக் குடுவை தயார். உள்ளே ஒரு பேட்டரி விளக்கை வைத்தால் சிவப்பும் மஞ்சளுமாக முற்றமே ஜொலிக்கும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அது நன்றாக இருந்ததுதான் டீச்சருக்கு வயிற்றெரிச்சல்.

வீட்டில் "அண்ணி, அண்ணி" என்று குழைகிறவள், மையத்துக்குள் கால் வைத்ததும் "டீச்சர்" என்பாள். மற்றவர்கள் தன்னை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டாள். தன் கல்யாணத்தின்போது மூக்கு ஒழுக ஓடித் திரிந்த பெண்ணை மேடம் என்று கூப்பிட டீச்சருக்கு நாக்கு புரளவில்லை. அதனால் ஏழு வாரமாக எந்தப் பெயரும் சொல்லாமல், அவள் திரும்பிப் பார்க்கும்வரை எதிரே போய் நிற்பதை வழக்கமாக வைத்திருந்தாள். கணவரிடம் முறையிட்டுப் பார்த்தாயிற்று. உங்கள் இருவருக்கும் நடுவில் என் தலையை உருட்டாதீர்கள் என்று அவர் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார்.

நாத்தனார் கொண்டுவந்த இன்னொன்று க்ளிப். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய ஒரு துணி க்ளிப். நடையில் இரண்டு கயிறுகள். நீலம் பனிவிளக்குக்கு, பச்சை பறவைக்கு. வந்ததும் பிள்ளை தனக்கு வேண்டிய கயிற்றில் க்ளிப்பை மாட்டிவிட வேண்டும். "க்ளிப் எந்தக் கயித்துலயோ, நீ அந்த டீச்சர் பிள்ளை. உன் டீச்சர் கூப்பிட்டாத்தான் உள்ளே வரணும்" என்று மூன்று நாள் எல்லாரையும் சேர்ந்து சொல்ல வைத்தாள். வெளியிலிருந்து திரும்பும்போது தலையை எண்ணுவாள், க்ளிப்பை எண்ணுவாள், இரண்டும் ஒன்றாக இருந்தால் கதவைச் சாத்துவாள். போகும்போது எண்ணும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அதோடு ஒரு கெடுவும் வைத்தாள். வெள்ளிக்கிழமை எந்தக் கயிற்றில் ஐந்துக்குக் குறைவாக க்ளிப் இருக்கிறதோ, அந்த வகுப்பு இந்தக் குளிர்காலத்துக்கு மூடப்படும். அந்த டீச்சர் சமையலறைக்குப் போய்ப் பழம் நறுக்கி, தட்டு கழுவ வேண்டும். அந்த டீச்சர் என்று பொதுவாகத்தான் சொன்னாள். யாரென்று சமையலறைக் குழாய்க்குக்கூடத் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குப் பச்சைக் கயிற்றில் நான்கு க்ளிப் இருந்தது. நீலத்தில் பன்னிரண்டு.

"நாலுதான் இருக்கு டீச்சர். விளக்கு எடுத்துட்டு வந்து பதிவேட்டுல எழுதிடுறேன்" என்று சொல்லிவிட்டு நாத்தனார் அலுவலக அறைக்குள் போனாள். அந்தக் குரலில் ஒரு சின்ன வருத்தமாவது இருந்திருந்தால் டீச்சர் பேசாமல் இருந்திருப்பாளோ என்னவோ. இல்லை. பிள்ளைகள் வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன. நடையில் யாரும் இல்லை. டீச்சர் நீலக் கயிற்றின் கடைசியில் இருந்த க்ளிப்பைக் கழற்றிப் பச்சையில் மாட்டினாள். சுண்டெலியின் க்ளிப் அது. பஸ் டிரைவரின் ஆறு வயது மகள். இருக்குமிடம் தெரியாத பிள்ளை, அதனால்தான் அந்தப் பெயர். எழுதி முடித்ததும் திருப்பி மாட்டிவிடலாம், ஒரு நிமிஷ வேலை என்று நினைத்தாள்.

நாத்தனார் வந்தாள். பச்சையை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். புருவம் ஏறியது, ஆனால் எழுதினாள். டீச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஏழு வாரமாகக் காணாத பசி அன்றைக்கு எடுத்தது. அந்தக் குஷியில் தன் நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு அறைக்குப் போனாள். காற்று ஊசியாய்க் குத்தியதால் மரத்தடிக்குப் போகவில்லை. உள்ளேயே டப்பா வெட்டினார்கள். ஒரு பையன் விரலை வெட்டிக்கொண்டான், அதற்குக் கட்டுப் போட்டாள். க்ளிப்பைத் திருப்பி மாட்ட வேண்டும் என்பது சுத்தமாக மறந்துபோயிற்று.

நாலரைக்கு நாத்தனார் பிள்ளைகளை உள்ளே அழைத்தாள். தலை பதினொன்று, நீலக் கயிற்றில் க்ளிப் பதினொன்று. கதவைச் சாத்தினாள்.

ஐந்து மணிக்கு இருட்டு கட்டிவிட்டது. பெற்றோர் ஒவ்வொருவராக வந்தார்கள். சீருடையோடு வந்த பஸ் டிரைவர், மகளின் பை மட்டும் ஆணியில் தொங்குவதைப் பார்த்துவிட்டு எங்கே என்று கேட்டார். நாத்தனார் கயிற்றைப் பார்த்தாள். டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"உங்க பிள்ளை எங்கே டீச்சர்?"

இவளோடுதானே வெளியே போனாள், இவள்தானே தொலைத்தாள் என்று டீச்சரின் மனசுக்குள் ஒரு குரல் துள்ளியது. அதை வாய்விட்டுச் சொன்னால் க்ளிப்பையும் சொல்ல வேண்டும். அவள் சொன்னது வேறு.

"பாத்ரூம்ல இருப்பா. பார்த்துட்டு வரேன்."

ஆறு கழிப்பறைக் கதவுகளையும் தட்டினாள், இல்லை என்று தெரிந்தே தட்டினாள். துணி மாற்றும் அறையைப் பார்த்தாள். மேசைக்கடியில் குனிந்தாள். ஒரு பிள்ளை குளிரில் நிற்கிறது; இவளோ ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்கக் கதவு தட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷமாவது இருக்கும். அந்த ஐந்து நிமிஷத்தை அவள் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் கோட்டுகூடப் போடாமல் பின்கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

முற்றத்தில் பனிவிளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. பெயர் சொல்லிக் கத்தினாள். எதிர்க்காற்று குரலைக் கொட்டகை தாண்ட விடவில்லை. கொட்டகையைச் சுற்றிப் போனபோது மரத்தடியில் ஏதோ அசைந்தது. சுண்டெலி நின்றுகொண்டிருந்தாள். குல்லாவில் பனித்துகள், கன்னம் ரத்தச் சிவப்பு, உதடு நீலம். மரத்தில் தொங்கிய பால் டப்பா ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பல் தந்தியடித்ததால் பேச்சு துண்டு துண்டாக வந்தது.

டீச்சர் அவளை வாரி எடுத்து முந்தானைக்குள் பொதிந்தாள். ஏன் உள்ளே வரவில்லை, ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டுக்கொண்டே கையைத் தேய்த்தாள்.

"கையுறையை விட்டுட்டேன். எடுக்க உள்ளே வந்தேனா, என் க்ளிப் பச்சைல இருந்துச்சு. அப்போ நான் உங்க பிள்ளைதானே? மேடம் அவங்க பிள்ளைங்களைத்தான் கூப்பிட்டாங்க." சுண்டெலி மூக்கை உறிஞ்சினாள். "நீங்க வந்து கூப்பிடுவீங்கன்னு மரத்துக்கிட்ட வந்து நின்னேன்."

பதினோரு வருஷத்தில் டீச்சர் சொன்னதை இவ்வளவு அட்சரசுத்தமாக எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. வாயால் சொல்லாமல் க்ளிப்பை மாற்றி மாட்டியதையே இந்தப் பிள்ளை சொல்லாகக் கேட்டிருக்கிறது. பின்னால் டார்ச் வெளிச்சம் விழுந்தது. நாத்தனாரும் பஸ் டிரைவரும் நின்றிருந்தார்கள். எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

டிரைவர் மகளைப் பிடுங்கிக்கொண்டார். உள்ளே கொண்டுபோய் ஹீட்டர் பக்கத்தில் உட்கார வைத்து, பூட்ஸைக் கழற்றி, ஒவ்வொரு கால் விரலாகப் பிடித்துப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்டார். வலிக்கிறது என்று அவள் சொன்னபிறகுதான் மூச்சு விட்டார். உணர்ச்சி இருக்கிறதே என்ற நிம்மதி. அப்புறம் நிமிர்ந்தார்.

"என் பொண்ணு யார் பொறுப்புல இருந்தா?"

நாத்தனாரின் பதிவேட்டில் பச்சை ஐந்து என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. திரும்பும்போது எண்ணினாள், கணக்கு சரியாக இருந்தது. போகும்போது எண்ணியிருந்தால் பன்னிரண்டு என்று அங்கேயே தெரிந்திருக்கும். அவளுக்கும் அது உறைத்திருக்க வேண்டும், முகம் வெளிறியிருந்தது. டீச்சர் இன்னும் கொஞ்சம் பேசாமல் இருந்தால் பழி இரண்டாகப் பிரியும்; பெரிய பாதி பொறுப்பாளர் தலையில் விழும். இதற்காகத்தானே ஏழு வாரமாகக் காத்திருந்தாள்.

"பச்சைக் கயித்துல எப்படி வந்துச்சு அண்ணி?" என்றாள் நாத்தனார்.

மையத்துக்குள் முதல் தடவையாக அண்ணி. அதில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. இத்தனை பேர் நடுவில், இவள் என் வீட்டு ஆள், இவளுக்கு நான் கொடுத்த இடத்தைப் பாருங்கள் என்று காட்டிக் கொடுக்கிற அண்ணி அது.

டீச்சர் ஹீட்டரைப் பார்த்தாள். சுண்டெலி இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னமும் இவள் பிள்ளையாகத்தான் உட்கார்ந்திருந்தாள். இவள் போகச் சொன்னால்தான் போவாள் போலிருந்தது.

"நான்தான் மாத்தினேன், மேடம்" என்றாள் டீச்சர்.

அந்த வார்த்தைக்கு நாக்கு புரண்டது. டிரைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். திட்டியிருக்கலாம். திட்டவில்லை. மகளைத் தன் கோட்டுக்குள் வைத்து மூடிக்கொண்டு, திங்கட்கிழமையிலிருந்து வேறு ஏற்பாடு பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கதவு வரை போனதும் சுண்டெலி கோட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி, டப்பாவில் தானியம் தீர்ந்துவிட்டது என்று டீச்சருக்குத் தகவல் சொன்னாள்.

எல்லாரும் போன பிறகு நாத்தனார் அலுவலக அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். என்ன எழுதுகிறாள் என்று டீச்சர் கேட்கவில்லை. அப்போதும் அவள் மேல் இருந்த ஆத்திரம் இம்மியும் குறையவில்லை. அதுதான் டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. நடைக்கு வந்து நான்கு க்ளிப்புகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி நீலக் கயிற்றில் மாட்டினாள். ஐந்தாவதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை வராத பிள்ளையின் க்ளிப்பை மாட்டக் கயிறு இல்லை. கழுத்துக் கத்தரியால் பச்சைக் கயிற்றை அறுத்தாள். மழுங்கல் கத்தரி, நான்கு தடவை இழுக்க வேண்டியிருந்தது. பிறகு தானிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனாள்.