பட்டறையில் விழுந்த அடிகள்

1951 பிப்ரவரி முதல், கில்பிராக்கன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விழுந்த அடிக்கு அங்கே சத்தம் இல்லை. அரை மைல் தள்ளி, ஃபெஸ்டஸ் டார்ப்பியின் சேணப் பட்டறையில்தான் அது கேட்டது. லாவெல் வாத்தியார் பிள்ளைகளை அடிக்கும் தோல்பட்டையைத் தைத்தவர் அவர்தான். வாத்தியார் கேட்டபடி நுனிக்குள் மூன்று செப்புக்காசும் வைத்திருந்தார். பத்து மணிக்கு முதல் அடி விழும். ஊரார் அதை வைத்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள். மழைநாளில் நாலைந்து பேர் பட்டறை அடுப்பருகே உட்கார்ந்து எண்ணுவார்கள். "இது டிலானி வீட்டுப் பய. வெறும் எலும்பு, சத்தத்தப் பாரு." "ஆறு அடியோட விட்டுட்டாரே, காலையில முட்ட கிட்ட தின்னு நல்ல மனசுல இருக்காரா?" டிலானியின் மனைவி எழுந்து போவாள், பையன் வருவதற்குள் வாசலில் கரண்டியோடு நின்று தன் பங்குக்கும் போட. வாத்தியார் சும்மா அடிக்க மாட்டார் என்பது எல்லா வீட்டிலும் ஒப்புக்கொண்ட விஷயம்.

ஃபெஸ்டஸ் எண்ணமாட்டார். அவருக்கு மனைவி இல்லை. ஒன்பது வயது மகள் நோரீன் மட்டும்தான். ஓர் அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் போடும் விரல்கள் அவளுக்கு. பள்ளி அடுப்புக்குப் பிள்ளைகள் தினமும் எரிப்பதற்கு, வெட்டிக் காயவைத்த சதுப்புமண் கட்டி ஆளுக்கொன்று கொண்டுபோக வேண்டும். ஈரக்கட்டிக்கு அடி உண்டு. நவம்பரில் ஒரு வாரம் விடாமல் மழை. அதில் ஒரு நாள் காலை குவியலின் மேலே நனைந்து கிடந்த கட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தது ஃபெஸ்டஸ்தான்.

தட்டிப் பார்த்தே தோலின் வயதைச் சொல்கிறவருக்கு மகளின் உள்ளங்கை தெரியாதா? முதல் அடியிலேயே ஊசி நின்றது. எட்டு. ஒன்பது. பதினான்காவதில் காய்ந்த சுள்ளி ஒடிந்ததுபோல் கேட்டது.

"ஃபெஸ்டஸ், உக்காருப்பா. பள்ளிக்கூடத்த நடத்துற பங்குச் சாமியார் காதுக்குப் போச்சுன்னா..." என்றாள் டிலானியின் மனைவி. அதற்குள் ஃபெஸ்டஸ் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தார்.

வகுப்பில் நோரீனின் இரண்டு விரல்கள் பின்பக்கம் மடங்கிக் கிடந்தன. ஃபெஸ்டஸ் பட்டையைப் பிடுங்கி வாத்தியாரின் வாயில் அடித்தார், கண்ணில் அடித்தார், தடுத்த கையில் அடித்தார். பற்கள் சத்தமில்லாமல் தரையில் விழுந்தன. பட்டறையில் முப்பத்தொன்றுவரை எண்ணினார்கள்.

"இது பிள்ளத் தோலு இல்ல," என்றார் ஒருவர்.

மாலையில் போலீஸ் சார்ஜென்ட் வந்து விசாரித்தார். "சத்தமா? எங்களுக்கு எதுவும் கேக்கலையே சார்ஜென்ட்," என்றார்கள். அது அந்த ஊருக்குப் பழகிய பதில்தான். அதுவரை வாத்தியாருக்காகச் சொன்னதை அன்றுதான் முதன்முறையாக ஃபெஸ்டஸுக்காகச் சொன்னார்கள். பிள்ளைகளும் சத்தமே வரவில்லை என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை.

ஃபெஸ்டஸுக்கு ஆறு மாதச் சிறை. வாத்தியார் நகரத்தில் புதுப் பட்டை வாங்கினார். சத்தம் மட்டும் இடம் மாறவில்லை. அப்பாவுக்குப் பின் நோரீன் கோணல் விரல்களோடு, அங்குலத்துக்கு ஏழு தையல் போட்டுச் சேணம் தைத்தாள். மூன்று வாத்தியார்கள் வந்து போனார்கள். 1982 பிப்ரவரியில், பள்ளியில் அடிக்கக் கூடாது என்று அரசு உத்தரவு வந்தது. அன்று பட்டறையில் பத்து மணி அடி விழவில்லை. நெடுநேரம் காத்திருந்துவிட்டு, நோரீன் ஊசியைக் குத்திவைத்து, நகரத்துக்குப் போய் ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கி வந்தாள்.