ஏழாம் கேள்விக்குப் போட்ட பூஜ்யம்

என் நாத்தனாரும் நானும் ஒரே வீட்டில் இருந்த நான்கு வருடத்தில் முகம் பார்த்துப் பேசியதைவிட ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டிப் பேசியதுதான் அதிகம். 'பால் தீர்ந்துவிட்டது. கவனித்தீர்களா?' என்று அவள் எழுதுவாள். 'கவனித்தேன். கடைசியாகக் குடித்தவரும் கவனித்திருக்கலாம்' என்று நான் அடியில் எழுதுவேன். என் கணவர் இரண்டையும் படித்துவிட்டு, வாயைத் திறக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போவார்.

அவருக்கு ஒரே தங்கை அவள். இருபத்தேழு வயது. துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டே அஞ்சல் வழியில் பட்டப்படிப்பு படித்தாள். எல்லாத் தாளும் தேறிவிட்டாள், தர்க்கம் ஒன்றைத் தவிர. அதில் இரண்டு தடவை தோற்றாயிற்று. மூன்றாவது தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். வெளியூர்ப் பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்தும் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. பட்டம் கைக்கு வந்தால் வேலை, வேலை வந்தால் அந்த ஊரிலேயே தனி அறை. அவள் பாஸாக வேண்டும் என்று அவளைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன் என்று சொன்னால் அதில் பொய் இல்லை. அவள் பெட்டி கட்டும் நாளை நான் மனசுக்குள் பலமுறை ஒத்திகை பார்த்திருந்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் கல்லூரியில் தர்க்கம் சொல்லிக் கொடுப்பவள். அவள் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டதில்லை. கேட்டால் சொல்லியிருப்பேனா என்று என்னைக் கேட்டால் எனக்கும் தெரியாது.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை என் கணவர் காய்ச்சலோடு வந்திருக்கிறார். அவர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். ஐந்து மணிக்கெல்லாம் வந்துவிடுவார். அன்றைக்கென்று சாவியை மறந்திருந்தார். எனக்கு மாலை நேர வகுப்பு, ஏழரைக்குத்தான் வருவேன். வந்து பார்த்தால், மாடிப்படியில் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். நெற்றி கொதிக்கிறது. வகுப்பைக் கெடுக்க வேண்டாம் என்று போன்கூடப் பண்ணவில்லையாம்.

நாத்தனார் எட்டரைக்கு வந்தாள். மறுநாள் மத்தியானம் நான் சமையலறையில் நிற்கும்போது வந்து, குளிர்ந்த குரலில் ஆரம்பித்தாள்.

"அண்ணன் மேல பிரியம் இருக்கறவங்க யாரா இருந்தாலும், அவன் வர்றதுக்கு முன்னாடி வீட்டுல இருப்பாங்க. நீங்க ஒரு நாளும் இருந்ததில்ல. அப்போ உங்களுக்கு அவன் மேல பிரியம் இல்ல. அவ்வளவுதான்."

கத்தியிருந்தால் நானும் கத்திவிட்டுப் போயிருப்பேன். அவள் அதைக் கணக்கு ஒப்புவிப்பதுபோலச் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

"இதுக்குப் பேரு வாதம்னு நெனச்சியா? வடிவமே தப்பு. இப்படியெல்லாம் எழுதித்தான் ரெண்டு தடவ கோட்ட விட்டிருக்க."

அவள் முகம் சட்டென்று சுருங்கியது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கூடத்தில் படுத்திருந்த என் கணவர் வெந்நீர் கேட்டாராம். இரண்டு பேர் காதிலும் விழவில்லை. அதற்கப்புறம் ஃபிரிட்ஜ் கதவில் சீட்டுகூட வரவில்லை.

விடைத்தாள் திருத்தும் முகாம் எங்கள் கல்லூரியின் பெரிய கூடத்தில் நடந்தது. நீள மேசைகள், மேசைக்கு ஆறு பேர். காலையில் இருபது தாள், மத்தியானம் இருபது. தாளில் பெயர் இருக்காது, குறியீட்டு எண் மட்டும்தான். விதிகள் கறாரானவை. சொந்தக்காரர் தாள் என்று தெரிந்தால் பேனாவை மூடிவிட்டு அந்த நிமிடமே தலைமைத் தேர்வாளரிடம் கொடுத்துவிட வேண்டும். ஒரு தடவை சிவப்பு மையில் போட்ட மதிப்பெண்ணை, அவர் கையெழுத்து இல்லாமல் அடிக்கக் கூடாது.

எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு முகாமில் 'அரை' என்று பெயர். முழு மதிப்பெண் போட்டால் கை கூசும் அவருக்கு. நாலு என்று இருந்தால் மூன்றரை போடுவார். ஆனால் ஒரு பாரா விடாமல் படிப்பார். அதை அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள்.

மூன்றாம் நாள் காலை, பதினான்காவது தாள். இரண்டாம் பக்கத்திலேயே அந்த 'ழ'வைப் பார்த்துவிட்டேன். வாலை இடப்பக்கம் இழுத்து ஒரு சுழி சுழிக்கும் 'ழ'. நான்கு வருடம் ஃபிரிட்ஜ் கதவில் பார்த்தது.

அங்கேயே பேனாவை மூடியிருக்க வேண்டும். நான் மூடவில்லை. ஆர்வம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் எங்கே தடுக்கி விழுகிறாள் என்று பார்க்கும் ஆசை. ஆனால் அவள் விழவில்லை. ஒன்றிலிருந்து ஆறு வரை சுமாராக, சில இடங்களில் நன்றாகவே எழுதியிருந்தாள். எட்டும் ஒன்பதும்கூடப் பரவாயில்லை. அவள் வரிசை மாற்றி எழுதியிருந்ததால் ஏழு கடைசியில் வந்தது. அதுவரை கூட்டிப் பார்த்தேன்: முப்பத்தெட்டு. தேற நாற்பது வேண்டும்.

பக்கத்தைத் திருப்பினேன். மேலேயே நட்டநடுவில் இருந்தது:

'அண்ணன்மேல் அன்புள்ளவர்கள் எல்லாரும் அவன் வருமுன் வீட்டில் இருப்பார்கள். அண்ணி அவன் வருமுன் வீட்டில் இருப்பதில்லை. ஆகவே அண்ணிக்கு அண்ணன்மேல் அன்பு இல்லை.'

சமையலறையில் சொன்னது போதாதென்று, முன்பின் தெரியாத ஒருவர் படிக்கும் தேர்வுத்தாளிலும் எழுதி வைத்திருக்கிறாளே! கை தானாகப் போய் ஓரத்தில் ஒரு பூஜ்யம் போட்டது. பெரிய பூஜ்யம். சிவப்பு மை மறுபக்கம் வரை ஊறிவிட்டது.

அதற்கப்புறம்தான் கேள்வி நினைவுக்கு வந்தது.

'வடிவம் சரியாக இருந்தும் முடிவு பொய்யாக உள்ள ஒரு வாதத்தைச் சொந்தமாக எழுதுக. பிழை எங்கே உள்ளது எனக் காட்டுக. (5)'

கீழே அவள் விளக்கம் எழுதியிருந்தாள். நான் படிக்காமலே பூஜ்யம் போட்ட விளக்கம்.

'இந்த வாதத்தின் வடிவம் சரி. முடிவு பிடிக்காதவர்கள் கோபத்தில் வடிவம் தவறு என்பார்கள். தர்க்கம் கற்பிப்பவர்களே அப்படிச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். இரண்டாவது கூற்று உண்மை. அண்ணி ஏழரைக்கு முன் வந்ததில்லை. முதல் கூற்றுத்தான் பொய். "எல்லாரும்" என்பதை உடைக்க ஒரே ஒரு ஆள் போதும். அந்த ஆள் நான். எனக்கு அண்ணன்மேல் அன்பு உண்டு. ஆனால் நான் எட்டரைக்குத்தான் வருகிறேன். முடிவும் பொய். அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை இங்கே எழுத விருப்பமில்லை.'

எல்லாப் பறவைக்கும் சிறகு உண்டு, பூனைக்குச் சிறகு இல்லை, ஆகவே பூனை பறவை இல்லை. ஒவ்வொரு வருடமும் முதல் வாரத்தில் நான் கரும்பலகையில் எழுதும் வாதம். அவள் சமையலறையில் சொன்னதற்கும் இதற்கும் வடிவத்தில் இம்மி வித்தியாசம் கிடையாது. முடிவு கசந்தால் வடிவத்தைத் திட்டாதீர்கள், எந்தக் கூற்றின்மேல் அது நிற்கிறது என்று பாருங்கள் என்று பதினோரு வருடமாகத் தொண்டை வறளச் சொல்லி வருகிறேன். என்னைப் பற்றி ஒரு முடிவு வந்ததும் அத்தனையும் காற்றில் போய்விட்டது. அன்று ஒரு தடவை. இதோ இன்று மறுபடியும், சிவப்பு மையில்.

அந்தப் பூஜ்யத்தை விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. முப்பத்தெட்டோடு அவள் கதை முடியும். பூஜ்யத்தை அடிக்க வேண்டுமென்றால் தலைமைத் தேர்வாளரிடம் போக வேண்டும். போனால், ஏன் போட்டாய் என்று கேட்பார்.

கேட்டார். அந்த அம்மாளுக்குக் குரலை உயர்த்தாமலே ஆளை நிறுத்திவைக்கத் தெரியும். நான் சொன்னேன், இது என் கணவரின் தங்கை எழுதிய தாள் என்று. எந்தப் பக்கத்தில் தெரிந்தது என்று கேட்டார். இரண்டாம் பக்கம் என்றேன். பேனாவை எந்தப் பக்கத்தில் மூடினேன் என்று கேட்டார். நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். பூஜ்யத்தை மட்டுமல்ல, நான் போட்ட அத்தனையையும் குறுக்காக அடித்துக் கையெழுத்திட்டார். கல்லூரிக்குக் கடிதம் போகும், அடுத்த இரண்டு வருடம் முகாமுக்கு வர வேண்டாம் என்றார். பிறகு தாளை அரையிடம் நீட்டினார்.

அரை கையில் போனால் அவள் தப்புவாளா?

அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்தார். நான் என் இடத்தில் உட்கார்ந்து, மிச்சத் தாளைக் கட்டுவதுபோல நூலை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். ஏழாம் கேள்வி வந்ததும் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"யாரோ ஒரு டீச்சர நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கியிருக்கா."

மேசையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள். அரைக்கு அப்போதுதான் உறைத்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தாரே தவிர, மதிப்பெண்ணில் விட்டுக்கொடுக்கவில்லை.

வடிவம் சரி, முதல் கூற்றை உடைத்ததும் சரி, அதற்கு மூன்று என்றார். மீதி இரண்டு தர முடியாது. முதல் கூற்று பொய் என்பதால் முடிவும் பொய் ஆகிவிடாது. பொய்யான கூற்றின்மேல் மெய்யான முடிவும் உட்காரும். கேள்வி கேட்பது முடிவு பொய்யான வாதம். அதைக் காட்டாமல், எனக்குத் தெரியும் என்றால் ஆயிற்றா என்றார். ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியவில்லை. நான் திருத்தியிருந்தாலும் அங்கேதான் வெட்டியிருப்பேன்.

"முடிவு பொய்தான்" என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. பக்கத்து மேசையில் பேனாக்கள் நின்றன.

"நீங்க சொல்றீங்க மேடம். நான் நம்பறேன். ஆனா அது பேப்பர்ல இல்லையே."

மூன்று போட்டார். மற்றதெல்லாம் சேர்த்து அவர் கணக்கில் முப்பத்தேழரை. ஆக, நாற்பதரை. ஓரத்தில் சுத்தமாக எழுதிக் கட்டம் கட்டினார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு கூடத்தைவிட்டு வெளியே வந்தேன். பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் போனது அந்த வருடத்தில் அன்றுதான் முதல் தடவை. வீட்டில் ஒருவரும் இல்லை.

கல்லூரிக்குக் கடிதம் வந்ததும் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்மேல் கோபமா, தங்கைமேல் கோபமா என்று தெரியவில்லை. தேர்வு முடிவு வரும்வரை அவளிடம் மூச்சு விடக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவரும் விடவில்லை. முடிவு வந்த அன்றே சொல்லிவிட்டார்.

அவள் உடனே என்னிடம் வரவில்லை. பதிப்பகத்துக்கு எழுதினாள், அறைக்குச் சொல்லி வைத்தாள், பெட்டி கட்டினாள். கிளம்பும் நாள் காலை, கூடத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுத்திப் பூட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஜீரோ போட்டீங்களாமே?"

"போட்டேன்."

"படிக்காமயே?"

"படிக்காமயே. அன்னிக்கு வடிவம் தப்புன்னு சொன்னதும் தப்பு. வடிவம் சரிதான்."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும். உங்க அலமாரிப் புத்தகத்துலதான் பாத்தேன்."

என் அலமாரியை எப்போது திறந்தாள் என்று கேட்க வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். அரை வெட்டிய இரண்டு மதிப்பெண்ணைப் பற்றிச் சொன்னேன். முடிவு ஏன் பொய் என்று நாலு வரி எழுதியிருந்தால் முழு ஐந்தும் கிடைத்திருக்கும், அரை மதிப்பெண்ணில் தப்பித்திருக்கிறாய், மூன்றாவது தடவை எழுதுகிறவள் இப்படியா அலட்சியம் பண்ணுவாள் என்று, ஆசிரியைக் குரல் தானாக ஏறிவிட்டது.

அவள் பூட்டைச் சொடுக்கிவிட்டு எழுந்தாள்.

"எழுத வராம இல்ல. அவன் படியில உக்காந்திருந்த அன்னிக்கு ராத்திரி பூரா நீங்க தூங்கலன்னு எனக்குத் தெரியும். அதத்தான் எழுதணும். உங்களப் பத்தி நல்லதா நாலு வரி எழுதறதுக்கு ஃபெயிலே ஆயிடலாம்னு விட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. இல்லை, வந்ததைக் காட்டவில்லை. கணவர் கீழே ஆட்டோவை நிறுத்திவிட்டு மணியடித்தார். பெட்டி கனம். ஒரு கைப்பிடியை அவள் பிடித்தாள், இன்னொன்றை நான் பிடித்தேன். மூன்று மாடி. அவள் வேண்டுமென்றே வேகமாக இறங்கினாள். நானும் விடாமல் இறங்கினேன்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு அவள், வேலையில் சேர்ந்ததும் விலாசத்தை அண்ணனுக்கு எழுதுகிறேன் என்றாள். அண்ணனுக்கு என்ற சொல்லைச் சற்று அழுத்தித்தான் சொன்னாள்.